கேஸ்லைட்டு மேண்டிலும் லுட்டீசியம் ஊசியும்

கொஞ்சம் நீளமான த்ரெட். வேலையெல்லாம் முடிச்சிட்டு நிதானமா படிங்க.

விக்கிரவாண்டி பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருத்தர். வயசு எழுபதைத் தாண்டியாச்சு. (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) புராஸ்டேட் புற்றுநோய், எலும்புக்குப் பரவியிருக்கிறது. ஹார்மோன் ஊசி, கீமோ இரண்டும் கொஞ்ச காலம் கட்டுப்படுத்தின, அப்புறம் கேட்கவில்லை. பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்து, "லுட்டீசியம் சிகிச்சைக்கு இவர் பொருத்தமானவர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவே இல்லை. மூன்று மாதம் கழித்து, இடுப்பு வலி தாங்காமல் என்னிடம் வந்தார்கள்.

ஏன் போகலைன்னு கேட்டேன். பெரியவர் வாயைத் திறக்கலை. மகன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அது ரேடியோஆக்டிவ் ஊசியாம் சார். அணுகுண்டுல இருக்கிற சமாச்சாரம்னு சொல்றாங்க. வீட்ல சின்னப் பசங்க இருக்குது..."

பேச்சுவாக்கில் பெரியவரின் பழைய தொழிலைக் கேட்டேன். கூத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் கேஸ்லைட்டு வாடகைக்கு விட்டவராம். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் பம்ப் அடித்து, மேண்டில் உடைந்தால் மாற்றி, வெளிச்சம் மங்காமல் பார்த்துக்கொண்டவர்.

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்தக் காலத்து மேண்டில் ரேடியோஆக்டிவ். இவர் அதை வருஷக்கணக்கில் விரலால் தொட்டுக் கட்டியிருக்கிறார். இன்னொரு விஷயமும் உண்டு. அந்த மேண்டிலைக் கண்டுபிடித்த அதே ஆள்தான் லுட்டீசியத்தைக் கண்டுபிடித்தவர்களிலும் ஒருவர்.

அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். 1858-ல் வியன்னாவில் பிறந்த வேதியியலாளர். "அருமண் தனிமங்கள்" என்று நாம் இப்போது சொல்கிற குடும்பம்தான் இவருடைய வாழ்நாள் பைத்தியம். பேர்தான் அருமண், பல தனிமங்கள் அப்படி ஒன்றும் அரிதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்து, ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பிரிப்பதுதான் அரிது. ஒரே முகஜாடையுள்ள பதினஞ்சு அண்ணன் தம்பிகளைத் திருவிழாக் கூட்டத்தில் அடையாளம் காண்கிற மாதிரி.

அந்தக் காலத்தில் பிரிக்க ஒரே வழி: உப்பாகக் கரைத்து, படிகமாக்கி, மறுபடி கரைத்து, மறுபடி படிகமாக்கி... நூற்றுக்கணக்கான தடவை. 1885-ல் இவர் அப்படிப் பிரித்துக் காட்டியதுதான் பிரசியோடைமியமும் நியோடைமியமும். இன்றைக்கு மின்சார வண்டி மோட்டாரில் இருக்கும் காந்தத்துக்கு உயிரே நியோடைமியம்தான்.

அதே சமயத்தில் இன்னொன்றும் கவனித்தார். அருமண் உப்புக் கரைசலில் நனைத்த துணியை எரித்தால், துணி போய்விடுகிறது. ஆனால் துணியின் வடிவத்திலேயே ஒரு சாம்பல் கூடு நிற்கிறது. அந்தக் கூட்டுக்குள் தீ எரிந்தால் தீயைவிடப் பல மடங்கு வெளிச்சம். முதல் மேண்டில் பச்சையாக, சவக்களையாக எரிந்தது, விற்கலை. 1891 வாக்கில் சரியான கலவை கிடைத்தது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. சீரியம் அருமண். தோரியம் அருமண் கிடையாது, ஆனால் மண்ணில் அருமண்களோடு கூடவே கிடக்கும்.

'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி கடையில் செந்தில் தொட்டதும் மேண்டில் பொடிந்து விழும் காட்சி ஞாபகம் இருக்கா? அது பொடியாமல் என்ன செய்யும்! அங்கே துணியே இல்லை. எரிந்த துணியின் ஆக்சைடு எலும்புக்கூடுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போ நம்ம ஊர் உள்ளே வருது.

மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். அது பிரேசிலிலிருந்து ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூர் கடற்கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டிவந்த மணல்தான் காட்டிக்கொடுத்தது என்பார்கள். கொஞ்ச நாளிலேயே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்துவிட்டது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியேதான். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானியரான ஷோம்பெர்க் கைதானார், தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கியது. 1952 டிசம்பரில் ஆலுவாவில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையை நேரு திறந்துவைத்தார். அணுசக்திக்காக என்றுதான் நமக்குப் பாடத்தில் வரும். ஆனால் நம் நாட்டு மேண்டில் கம்பெனிகளுக்குத் தோரியம் நைட்ரேட் போனதும் இதே வழியில்தான். மணவாளக்குறிச்சி மணல், மேண்டிலாகி, நம்ம பெரியவர் கையில் விளக்கேற்றியிருக்க நிறையவே வாய்ப்பிருக்கு.

சரி, லுட்டீசியம்?

ஸ்வீடனில் இட்டர்பி என்று ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு கல்குவாரி. அந்தக் கருப்புக் கல்லிலிருந்து தொடங்கிய தேடலில் இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் என்று நாலு தனிமங்கள் அந்த ஊர்ப் பேரையே வைத்துக்கொண்டன. எந்தப் பெருநகரத்துக்கும் கிடைக்காத பாக்கியம். இதில் இட்டெர்பியத்தை ஒரே தனிமம் என்றுதான் 1878-லிருந்து நினைத்திருந்தார்கள். 1907-ல் பாரிஸில் ஜார்ஜ் உர்பெய்ன், அது ஒன்றல்ல, உள்ளே இன்னொன்று ஒளிந்திருக்கிறது என்று காட்டினார். பாரிஸின் பழைய ரோமானியப் பெயரான லுட்டீசியாவை அதற்குச் சூட்டினார். கிட்டத்தட்ட அதே நேரத்தில் வியன்னாவில் ஆவர் அதையே பிரித்து, நட்சத்திரக் கூட்டத்தின் பெயரால் 'காசியோப்பியம்' என்றார். அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் என்பவரும் தனியாக அதே வேலையில் இருந்தார்.

சண்டை பலத்த சண்டை. 1909-ல் ஒரு சர்வதேசக் குழு உர்பெய்னுக்கே முன்னுரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் குழுவில் உர்பெய்னே ஓர் உறுப்பினர்! பஞ்சாயத்துத் தலைவரே வாதியாக இருந்த கதை. ஜெர்மன்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1950-கள் வரை பிடிவாதமாக காசியோப்பியம் என்றே எழுதினார்கள்.

பேருக்கு இவ்வளவு அடிதடி. ஆனால் அந்த உலோகத்தை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. பல பத்தாண்டுகள் அது ஆய்வகக் குப்பியில் சும்மா கிடந்தது.

அதற்கு ஒரு வேலை வரவேண்டுமென்றால் முதலில் ஒரு வார்த்தை பிறக்கணும். அந்த வார்த்தையைக் கொடுத்தவர் ஒரு டாக்டர். (எங்க இனம், அதனால பெருமையா சொல்லிக்கிறேன்.)

1913, கிளாஸ்கோ. ஃபிரெடரிக் சாடி என்ற வேதியியலாளருக்கு ஒரு குழப்பம். வேதியியல்படி பார்த்தால் ஒரே தனிமம். ஆனால் எடை வேறு, கதிர்வீச்சு வேறு. தனிம வரிசை அட்டவணையில் ஒரே கட்டத்தில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்தால் என்ன செய்வது? ஒரு விருந்தில் இதை அவர் விளக்க, மார்கரெட் டாட் என்ற பெண் மருத்துவர் கிரேக்கத்திலிருந்து ஒரு சொல் எடுத்துக் கொடுத்தார்: ஐசோடோப்பு. அதாவது 'ஒரே இடத்தில் இருப்பது'. அந்த அம்மா நாவலாசிரியரும்கூட. நோபல் சாடிக்குப் போனது.

லுட்டீசியத்தின் எல்லா அணுவிலும் புரோட்டான் 71. அது மாறினால் அது லுட்டீசியமே இல்லை. நியூட்ரான் மட்டும் கூடக் குறைய இருக்கலாம். அதைப் பொறுத்துத்தான் ஜாதகம்:

நியூட்ரான் 104 என்றால் லுட்டீசியம்-175. நிலையானது. சிதையாது. இயற்கையில் கிடைக்கும் லுட்டீசியத்தில் 97 சதவீதத்துக்கு மேல் இதுதான்.

105 என்றால் லுட்டீசியம்-176. மீதி 2.6 சதவீதம். இது ரேடியோஆக்டிவ். பாதியாகக் குறைய எத்தனை வருஷம் தெரியுமா? சுமார் 3,700 கோடி வருஷம். பிரபஞ்சத்தின் வயசே 1,380 கோடிதான். பூமி உருவானபோது வந்து சேர்ந்ததில் பெரும்பகுதி இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பாறைகளின் வயதைக் கணிக்க இதைத்தான் கடிகாரமாகப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு தமாஷ். புற்றுநோய்க்கு எடுக்கும் பெட் ஸ்கேன் கருவிகள் பலவற்றில், கதிரைக் கண்டுபிடிக்கும் படிகமே லுட்டீசியம் கலந்ததுதான். ஆக, நோயாளி உள்ளே படுப்பதற்கு முன்பே அந்தக் கருவி தன்னளவில் துளி ரேடியோஆக்டிவ். யாரும் பயந்து ஓடவில்லை. ஓட வேண்டியதும் இல்லை, அத்தனை சொற்பம்.

106 என்றால் லுட்டீசியம்-177. இயற்கையில் கிடைக்காது, செய்யணும். பாதி ஆயுள் 6.65 நாள். நம்ம ஊசி இதுதான்.

ஒரே ஒரு நியூட்ரான் வித்தியாசம். ஒன்றுக்கு 3,700 கோடி வருஷம், இன்னொன்றுக்கு ஒரு வாரம்கூட இல்லை. "ரேடியோஆக்டிவா, இல்லையா?" என்று மட்டும் கேட்டால் இரண்டுக்கும் பதில் 'ஆமாம்'தான். அந்தப் பதிலால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. எந்த எண், எவ்வளவு, உடம்பில் எங்கே போய் உட்காரும், எத்தனை நாள் இருக்கும். இதைத்தான் கேட்கணும்.

இதைக் கேட்காமல் விட்டதால் என்ன ஆனது என்பதற்கு எங்கள் துறையிலேயே ஒரு அசிங்கமான வரலாறு இருக்கு. மறைக்க விரும்பலை.

அதே தோரியம். மேண்டிலில் இருந்த அதே தோரியம் ஆக்சைடு. 1930-களிலிருந்து 'தோரோட்ராஸ்ட்' என்ற பெயரில் ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். சிகிச்சைக்குக்கூட இல்லை, எக்ஸ்ரே படம் தெளிவாக விழுவதற்காக! படம் பிரமாதமாக விழுந்தது. உடனடிப் பக்கவிளைவும் பெரிதாக இல்லை, டாக்டர்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஏற்றிய தோரியம் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய் உட்கார்ந்துகொண்டது, வெளியேறவே இல்லை. தோரியம்-232-இன் பாதி ஆயுள் 1,400 கோடி வருஷம். மனிதன் சாகும்வரை உள்ளேயிருந்து ஆல்ஃபா கதிர் வீசிக்கொண்டே இருக்கும். இருபது முப்பது வருஷம் கழித்து அந்த நோயாளிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரத் தொடங்கியது. 1950-களில்தான் நிறுத்தினார்கள். தலைக்கு மேல் தொங்கியபோது வெளிச்சம் கொடுத்த பொருள்தான், கல்லீரலுக்குள் போனதும் ஆளைக் கொன்றது.

மகனின் பயத்தை நான் முட்டாள்தனம் என்று சொல்லவில்லை, பாருங்க. பயப்படுவதற்கு வரலாற்றில் காரணம் இருக்கு. அவர் பயந்த எண்தான் தப்பு.

இப்போ 177-க்கு வருவோம்.

மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். அங்கே 1985-லிருந்து இயங்கும் அணு உலையின் பெயர் துருவா. செறிவூட்டிய லுட்டீசியம்-176-ஐக் கொஞ்சூண்டு எடுத்து, உலைக்குள் வைக்கிறார்கள். 176-க்கு நியூட்ரான் என்றால் அப்படியொரு பசி, மற்ற பெரும்பாலான அணுக்களைவிட அதிகமாகவே பிடித்துக்கொள்ளும். ஒரு நியூட்ரானை விழுங்கியதும் 177. இந்தப் பசிதான் நமக்கு அதிர்ஷ்டம். துருவா மாதிரி உலையிலேயே மருத்துவத்துக்குப் போதுமான தரத்தில் செய்துவிட முடிகிறது.

"அப்போ மூலப்பொருள் மணவாளக்குறிச்சி மணலா டாக்டர்?" என்று கேட்பீர்கள். ஆசைதான். நம் மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடைமியம் மாதிரி லேசான அருமண்கள்தான் நிறைய. குடும்பத்தின் கடைக்குட்டியான லுட்டீசியம் பேருக்குத்தான் இருக்கும். செறிவூட்டிய 176-ஐ வெளியிலிருந்து வாங்கித்தான் இங்கே சமைத்திருக்கிறார்கள்.

நம்ம பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. கல்பாக்கம் வேக ஈனுலையில் இட்ரியத்தை வைத்து ஸ்ட்ரான்சியம்-89 செய்துகாட்டினார்கள். இட்ரியத்தின் ஒரே நிலையான ஐசோடோப்பு 89. வேக நியூட்ரான் பட்டால் அது ஸ்ட்ரான்சியமாக மாறும். அதுவும் எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலிக்கான மருந்துதான். இன்னொரு அருமண்ணான சமேரியம்-153-ம் அதே வலிக்குப் பயன்பட்டது. அதன் பாதி ஆயுள் 46 மணி நேரம்தான்.

இந்த இடத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையை நினைச்சுக்கோங்க. வெட்டின கரும்பு டிராக்டரில் காத்துக் கிடந்தால் என்ன ஆகும்? எடை குறையும், சர்க்கரைச் சத்து இறங்கும். விவசாயி வயிறு எரியும். ஐசோடோப்பு மருந்தும் அப்படித்தான். ஸ்டாக் வைக்க முடியாது. சமேரியம்-153 ஒரு நாள் தாமதமானால் 30 சதவீதம் காலி. லுட்டீசியம்-177 ஒரு நாள் தாமதமானால் 10 சதவீதம்தான் குறையும். மும்பையில் தயாராகி, விமானத்தில் வந்து, மருத்துவமனையில் மருந்தோடு சேர்த்து, விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த நோயாளிக்கு ஏற்றுகிற வரைக்கும் தாங்கும். இந்த மாதிரி தூரமுள்ள நாட்டுக்கு அந்த 6.65 நாள் ஒரு வரம். அதனால்தான் வெளிநாட்டில் பெரிய கம்பெனி மருந்தாக வருவதற்கு முன்பே நம் ஊர் மருத்துவமனைகள் சிலவற்றில் இது புழக்கத்தில் இருந்தது. அமெரிக்காவில் இந்த வகை மருந்துக்கு முதல் அனுமதி கிடைத்தது 2018-ல், அதுவும் நியூரோஎண்டோகிரைன் என்ற அபூர்வக் கட்டிகளுக்கு. புராஸ்டேட்டுக்கு 2022-ல்.

வேலை செய்யும் விதம் எளிது. புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேல் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் அளவுக்கு மீறி முளைத்திருக்கும். அதைத் தேடிப் பிடிக்கும் ஒரு மூலக்கூறு, அதன் முதுகில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் லுட்டீசியம்-177. செல்லில் போய் ஒட்டிக்கொண்டு பீட்டா கதிரை வீசும். அது திசுவுக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் போகும், அவ்வளவுதான். கூடவே கொஞ்சம் காமா கதிர் வெளியே வரும். அதை வைத்து மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று படம் எடுத்தே பார்த்துவிடலாம். வழக்கமாக ஒரு டோஸ் 200 மில்லிகியூரி. அதில் இருக்கும் லுட்டீசியம்-177-ஐ மட்டும் எடை போட்டால் 2 மைக்ரோகிராம்கூட வராது. சிதைந்து முடித்ததும் ஹாஃப்னியம்-177 ஆகிவிடும். அது நிலையானது, கதிர் கிடையாது. பத்து பாதி ஆயுள், அதாவது சுமார் 66 நாள் போனால் கதிர்வீச்சு ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒட்டாத மருந்து முதல் இரண்டு நாளிலேயே சிறுநீரில் போய்விடுவதால், உடம்பில் உண்மையில் இன்னும் சீக்கிரமே குறையும்.

குணமாகிவிடுமா? இல்லை. பொய் சொல்ல மாட்டேன். 2021-ல் வெளியான விஷன் ஆய்வில் 831 பேர். எல்லோரும் மற்ற சிகிச்சைகளைத் தாண்டி வந்தவர்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 11.3 மாதம். லுட்டீசியமும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 15.3 மாதம். நாலு மாதம் என்றால் சிலருக்கு அற்பமாகத் தோன்றும். பேத்தி கல்யாணத்துக்குத் தேதி குறித்த வீட்டில் கேட்டுப் பாருங்கள். வலி குறைந்து, சொந்தக் காலில் நடந்து பாத்ரூம் போகிற மாதங்கள் அவை. சிலருக்கு இதைவிட நன்றாகக் கேட்கும், சிலருக்குச் சுத்தமாகக் கேட்காது. வாய் உலர்ந்து போகும், ஏனென்றால் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இந்த மருந்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ரத்த அணுக்கள் குறையலாம், சோர்வு வரும். ரத்த அணுக்களும் சிறுநீரகமும் ஏற்கெனவே மோசமாக இருந்தால் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் மூன்று மாதத் தாமதம் என் வயிற்றைக் கலக்கியது. அவருக்கு ஹீமோகுளோபின் அதற்குள் நன்றாக இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றித்தான் மறுபடி தகுதிக்குக் கொண்டுவர முடிந்தது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு மகனிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஊசி போட்டதும் கதிர் அளவை அளந்து பார்த்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த வரம்புக்குள் வந்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். மருத்துவமனை சொல்லும் நாள் வரைக்கும் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம், தனிப் படுக்கை. கர்ப்பிணிகள் தள்ளி இருக்கட்டும். நிறைய தண்ணீர் குடிக்கணும். உட்கார்ந்து சிறுநீர் கழிச்சு, இரண்டு முறை தண்ணீர் ஊத்திவிடணும், கையை நல்லா கழுவணும். ஒரே வீட்டில் இருக்கலாம், பேசலாம். விக்கிரவாண்டி, திண்டிவனம் பக்கத்து ஆட்கள் இதற்காக மும்பை போக வேண்டியதில்லை. புதுச்சேரி ஜிப்மரிலேயே அணு மருத்துவத் துறை இருக்கு, சென்னையிலும் இருக்கு. உங்களுக்குப் பொருந்துமா என்று அங்கே கேளுங்க.

மகன் பாதி சமாதானமானார். பெரியவர் அதுவரை சும்மா இருந்தவர், அப்போதுதான் கேட்டார்: "டாக்டரு தம்பி, புது மேண்டிலைக் கட்டி மொதல்ல கொளுத்தறப்போ ஒரு பொகை வரும். அது அப்ப ரேடியோ பொகையா?"

நல்ல கேள்வி. முதல் தடவை எரியும்போது தோரியத்தின் வழித்தோன்றல்கள் சில கொஞ்சம் காற்றில் கலக்கும். உடைந்த மேண்டில் தூசியை மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை. இதில் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் மேண்டில் ஆலைத் தொழிலாளிகள்தான். திறந்தவெளியில் விளக்கேற்றியவருக்கு அந்த அளவு ரொம்பச் சொற்பம், உங்க நோய்க்கு அது காரணம்னு சொல்ல ஆதாரம் எதுவும் இல்லைங்கய்யா என்றேன். 1990-களிலிருந்து பல கம்பெனிகள் தோரியத்தை விட்டுவிட்டு இட்ரியத்துக்கு மாறின. அதுவும் அருமண்தான்.

போன மாதம் முதல் டோஸ் போட்டுக்கொண்டு வந்தார். எப்படி இருந்ததுன்னு கேட்டேன். ஈயப் பெட்டிக்குள்ளிருந்து சின்னக் குப்பியை எடுத்தப்போ எட்டிப் பார்த்தாராம்.

"தண்ணியாட்டம் இருக்குது தம்பி. துளி வெளிச்சம் இல்ல."

வலி மாத்திரை இப்போது இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளையாகியிருக்கிறது. இன்னும் இரண்டு வாரத்தில் அடுத்த டோஸ். அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்கு இந்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்.